புரியாத சட்ட வரியைப் பேச்சுத் தமிழில் எழுதிப் பாருங்கள்

கேள்வி: தமிழ்வழியில் படித்துவிட்டுச் சட்டக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருக்கிறேன். அரசியலமைப்புச் சட்டத்தை வாசித்தால், வாக்கியம் முடிவதற்குள் தொடக்கம் மறந்துவிடுகிறது. அடிக்கோடு போட்டும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: சட்ட வாக்கியம் ஒரே மூச்சில் மூன்று நான்கு நிபந்தனைகளைச் சொல்லும். நான்காவதை மனம் பிடிக்கும்போது முதலாவது நழுவிவிடும். அதைக் காகிதத்தில் இறக்கிவைத்தால்தான் அடுத்ததை யோசிக்க முடியும். அடிக்கோடு அந்த வேலையைச் செய்யாது.

ஒரு ரஃப் நோட்டில் எதிரெதிர்ப் பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஓர் உட்பிரிவை மட்டும், நிபந்தனைக்கு ஒரு வரியாக உடைத்து எழுதுங்கள். பிறகு புத்தகத்தையும் அந்தப் பக்கத்தையும் மூடிவிட்டு, வலப்பக்கம் ஐந்து நிமிடம் பேனாவை நிறுத்தாமல் எழுதுங்கள். வீட்டில் பேசுகிற தமிழே போதும். பிழை பார்க்க வேண்டாம், யாரும் திருத்தப்போவதில்லை.

பிரிவு 13(2)-ஐப் பாருங்கள். இந்தப் பகுதி (அடிப்படை உரிமைகளைச் சொல்லும் மூன்றாம் பகுதி) தரும் உரிமைகளைப் பறிக்கிற அல்லது குறைக்கிற சட்டத்தை அரசு இயற்றக்கூடாது. மீறி இயற்றினால், மீறலின் அளவுக்கு அது செல்லாது. இதுதான் சாரம். வலப்பக்கம் இப்படி வரலாம்:

“அரசு சட்டம் போடக்கூடாதாம். எந்த அரசு, டெல்லியா சென்னையா? மாநகராட்சி போடுற விதியும் சேருமா? ‘மீறலின் அளவுக்கு’ன்னா என்ன, முழுச் சட்டமும் போயிடுமா, அந்தத் துண்டு மட்டுமா? அரசியலமைப்பையே திருத்தினா அதுவும் சட்டம்தானே?”

இந்தக் கேள்விகளுக்காகத்தான் எழுதுகிறோம். இப்போது புத்தகத்தைத் திறந்து, வேறு நிற மையில் விடை தேடுங்கள். முதலில் வரையறைகள். ‘அரசு’ என்பதில் மத்திய, மாநில அரசுகளோடு உள்ளாட்சி அமைப்புகளும் அடங்கும் என்கிறது பிரிவு 12. விதி, அறிவிக்கை, துணைவிதி எல்லாம் ‘சட்டம்’ என்கிறது 13(3). மாநகராட்சிக் கேள்வி தீர்ந்தது. அடுத்து தீர்ப்புகள். சென்னை மாநில அரசுக்கு எதிராக ஏ.கே.கோபாலன் தொடுத்த வழக்கில், 1950-இல் உச்ச நீதிமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தின் 14-ஆவது பிரிவை மட்டும் செல்லாது என்றது, மற்றவை நிலைத்தன. ‘அளவுக்கு’ என்பதன் பொருள் அதுதான். கடைசிக் கேள்வி இன்னும் ஆழமானது. திருத்தமும் சட்டமே என்றது 1967-இன் கோலக்நாத் தீர்ப்பு. இல்லை என்று சொல்ல 1971-இல் 24-ஆவது திருத்தம் 13(4)-ஐச் சேர்த்தது. 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கு அத்திருத்தத்தை ஏற்றாலும், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக்கூடாது என்று எல்லை வகுத்தது. கொச்சையாக எழுதிய ஒரு வரி உங்களை அந்த வாதத்தின் நடுவிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது. கைடு இந்த விடைகளைத் தரும். ஆனால் நீங்கள் கேட்காத கேள்விக்கான விடை மனதில் தங்காது.

பலர் தவறுவது இங்கே: புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதினால் அது வெறும் நகல். தேர்வுக் குறிப்பாக மாற்றும் ஆசையில் அழகாக எழுதத் தொடங்கினால், ‘மீறல்’, ‘செல்லாத்தன்மை’ போன்ற சொற்கள் வந்து புரியாததை மூடிவிடும். பத்தாம் வகுப்புத் தம்பிக்கு விளக்க முடியாத சொல்லை வட்டமிடுங்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். “ஒண்ணும் புரியல” என்று எழுதி நிறுத்தாதீர்கள், எந்தச் சொல்லில் இடறியது என்று எழுதுங்கள். தவறான ஊகத்தை அழிக்காமல் ஒரு கோடு போட்டு, ஏன் தவறு என்று பக்கத்தில் குறியுங்கள். அதே தவறு தேர்வில் திரும்ப வரும்போது அது கைகொடுக்கும்.

கேள்விகள் தீர்ந்த பிறகு, இரண்டு மூன்று வரியில் முறையான நடையில் சாரத்தை எழுதி, மூலத்தோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிடுங்கள். விடைத்தாளுக்குரியது இந்த நடைதான். ‘அல்லது’, ‘மற்றும்’ மாறினாலே சட்டம் மாறிவிடும்.

நாளுக்கு ஓர் உட்பிரிவு போதும். 13 முடிந்ததும் 19-க்குப் போங்கள். அங்கே 19(1)-இன் உரிமைகளை ஒரு பத்தியிலும், (2) முதல் (6) வரையிலான கட்டுப்பாடுகளை எதிர்ப்பத்தியிலும் வையுங்கள். (2) பேச்சுரிமைக்கு மட்டும், (6) தொழில் உரிமைக்கு மட்டும். உரிமைகளின் வரிசையில் ஓர் இடம் காலியாக இருப்பதைக் கவனிப்பீர்கள்: அங்கிருந்த சொத்துரிமையை 1978-இன் 44-ஆவது திருத்தம் நீக்கிவிட்டது.