பழைய வேனின் எஞ்சினை வீட்டிலேயே இறக்கலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 1974ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் வேன், 1600 சிசி, பின்பக்க எஞ்சின். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் கசிகிறது. எஞ்சினை நானே கழற்றலாமா?

பதில்: தாராளமாக. காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால் ரேடியேட்டர், தண்ணீர்க் குழாய் என்ற தொல்லையே இல்லை. கியர்பாக்ஸுடன் அதைப் பிணைப்பவை நான்கே இடங்கள். 17 எண் ஸ்பேனர் போதும். மேல் இரண்டை மட்டும் ஃபேன் உறைக்குப் பின்னால் கைவிட்டுத் தடவித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் நூறு கிலோவுக்கு மேல் எடை இருக்கிறது. உதவிக்கு ஒருவர் இல்லாமல் தொடங்காதீர்கள்.

முதலில் பேட்டரி இணைப்பை எடுங்கள். அடுத்தது பெட்ரோல். டாங்க் எஞ்சினைவிட உயரத்தில் இருப்பதால், குழாயைக் கழற்றியதும் பெட்ரோல் தானாகவே கொட்டும், உடனே அடைத்துவிடுங்கள். வயர்களுக்கு அடையாளத் துண்டு ஒட்டிக் கழற்றுங்கள். ஆக்சிலேட்டர் கேபிள் ஃபேன் உறைக்குள் நுழைந்து வருகிறது. அதை முன்பக்கமாக உருவ மறந்தால், எஞ்சினை இழுக்கும்போது மாட்டிக்கொள்ளும். ஹீட்டர் கேபிள்கள் அடியில் இருக்கின்றன.

வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கியதும் ஹேண்ட்பிரேக்கை நம்ப முடியாது. அது பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். வண்டியின் எடை ஸ்டாண்டுகளின் மேல்தான் நிற்க வேண்டும், ஜாக்கியின் மேல் அல்ல. எஞ்சின் அடியில் ஜாக்கியை வைக்கும்போது நடுவே கனமான பலகை கொடுங்கள். கியர்பாக்ஸுக்கும் தனியாக முட்டுக் கொடுங்கள். எஞ்சின் போனதும் அது தாழ்ந்துவிடும்.

எஞ்சினைப் பின்னால் தாங்கி நிற்கும் குறுக்குச் சட்டத்தையும் கழற்றிய பிறகு எஞ்சினை நேராகப் பின்னோக்கி மட்டும் இழுங்கள். கியர்பாக்ஸிலிருந்து நீளும் இன்புட் ஷாஃப்ட் கிளட்சை முழுவதும் விட்டு விலகும் வரை ஒரு விரற்கடை கூடக் கீழே இறக்காதீர்கள். எடை அந்த ஷாஃப்டில் தொங்கினால் கிளட்ச் தட்டு வளைந்துவிடும். அவசரப்படுகிறவர்கள் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வெளியே வந்ததும் கசிந்த ஆயிலை முகர்ந்து பாருங்கள். கந்தக நெடி அடித்தால் அது கியர்பாக்ஸ் ஆயில், இல்லையென்றால் எஞ்சின் ஆயில். எதுவானாலும் ஃப்ளைவீல் (எஞ்சின் தண்டின் முனையில் சுழலும் கனமான சக்கரம்) பக்கச் சீல், இன்புட் ஷாஃப்ட் சீல் இரண்டையும் இப்போதே மாற்றுங்கள். ஃப்ளைவீலின் நடு நட்டுக்கு 36 எண் சாக்கெட்டும் நீண்ட கைப்பிடியும் வேண்டும். கிளட்ச் தட்டில் ஆயில் ஊறியிருந்தால் துடைத்துத் திரும்பப் போடாதீர்கள், புதியதே போடுங்கள்.