ஸ்னோமொபைல் கிளட்ச் டியூனிங்: டாப் ஸ்பீடு பற்றிய கேள்விகளும் பதில்களும்

டாப் ஸ்பீடுக்காக கிளட்ச்சை எப்படி டியூன் செய்வது என்று வந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிளட்ச் குதிரைத்திறனை உண்டாக்காது. எஞ்சின் கொடுப்பதை வீணடிக்காமல் டிராக்குக்கு, அதாவது பனியில் வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் அதன் வேலை. அதனால் பாகம் வாங்குவதற்கு முன்னால் பெல்ட் எதுவரை ஏறுகிறது என்று பாருங்கள், பாதிப் பேருடைய கேள்விக்கு அதிலேயே விடை இருக்கிறது.

கேள்வி: அண்ணா, நான் இதற்குப் புதிது. வெயிட், ஸ்பிரிங், ஹெலிக்ஸ் என்று எல்லோரும் பேசுகிறார்கள், எது என்ன செய்கிறது?

பதில்: ஸ்கூட்டரில் இருக்கும், கியர் மாற்றாமல் விகிதம் தானாக மாறும் அதே சிவிடிதான் தம்பி, கொஞ்சம் முரட்டு வடிவம். கிராங்க்ஷாஃப்ட்டில் பிரைமரி கிளட்ச், டிராக் பக்கம் போகும் ஜாக்ஷாஃப்ட்டில் செகண்டரி கிளட்ச், இரண்டுக்கும் நடுவே ஒரு பெல்ட். எஞ்சின் வேகமெடுக்கும்போது பிரைமரிக்குள் இருக்கும் வெயிட்கள் வெளிப்பக்கமாக விரிந்து, நகரும் தட்டைத் தள்ளி, பெல்ட்டை நெருக்கி மேலே ஏற்றும். பிரைமரி ஸ்பிரிங் அதைத் தடுக்கும். எதிர்ப்பக்கம் செகண்டரியில் ஒரு ஸ்பிரிங்கும், ஹெலிக்ஸ் என்கிற சாய்தளமும் சேர்ந்து பெல்ட்டை இறுக்கிப் பிடித்து, அவ்வளவு சுலபமாக இறங்கவிடாது. இந்த இழுபறி எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கையில்) சமமாகிறதோ, முழுத் திராட்டிலில் எஞ்சின் அங்கேதான் நிற்கும். நமக்கு வேண்டியது, அது எஞ்சினின் உச்ச திறன் கிடைக்கும் ஆர்பிஎம்மாக இருக்கவேண்டும், புறப்பட்டதிலிருந்து கடைசி வரை முள் அசையாமல் அங்கேயே இருக்கவேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கேள்வி: என்னுடையது டூ-ஸ்ட்ரோக். கையேட்டில் 8,000 ஆர்பிஎம் என்று இருக்கிறது, எனக்கு 7,700 தான் வருகிறது. வெயிட்டை எத்தனை கிராம் குறைக்கலாம்?

பதில்: முதலில் எப்போது பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். வண்டியை எடுத்தவுடன் ஒரு சின்ன ஓட்டத்தில் பார்த்தது என்றால் அந்த 7,700-ஐ நம்பவேண்டாம். டூ-ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் பைப் சூடேற ஏற உச்ச திறன் கிடைக்கும் ஆர்பிஎம்மும் மேலே நகரும், குளிர்ந்த பைப்போடு எடுத்த அளவு எப்போதும் ஏமாற்றும். நன்றாகச் சூடான பிறகு, நீளமான ஓட்டத்தில் பாருங்கள். பழைய, தேய்ந்து குறுகின பெல்ட்டும் கணக்கைக் கெடுக்கும், அகலத்தைக் கையேட்டோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

அதெல்லாம் சரியாக இருந்து இன்னும் 7,700 தான் என்றால், கணக்கு எளிது. வெயிட் தரும் விசை அதன் எடைக்கும் ஆர்பிஎம்மின் வர்க்கத்துக்கும் ஏற்றபடி போகும். 60 கிராம் வெயிட் என்றால் 7,700-லிருந்து 8,000-க்குப் போக ஒவ்வொரு வெயிட்டிலும் நாலு கிராமுக்குக் கொஞ்சம் மேலே குறைக்கவேண்டும். ஆனால் ஒரேயடியாகக் குறைக்காதீர்கள், இரண்டு கிராம் குறைத்து ஓட்டிப் பார்த்து அப்புறம் மீதி. எல்லா வெயிட்டும் ஒரே எடையில் இருக்கவேண்டும், தராசில் வைத்துப் பாருங்கள். ஸ்கி-டூ நிறுவனத்தின் டிஆர்ஏ வகை கிளட்ச் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள், அதில் இருக்கும் கிளிக்கர் என்கிற எண்ணிட்ட திருகை ஒரு எண் கூட்டினால் சுமார் 200 ஆர்பிஎம் ஏறும், வெயிட்டைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: எனக்குக் கொஞ்சம் வேறு மாதிரி. புறப்படும்போது 8,000, நடுவிலும் 8,000, கடைசியில் மட்டும் 7,700-க்கு இறங்கிவிடுகிறது. காற்று எதிர்ப்பில் எஞ்சின் மூச்சு வாங்குகிறதா?

பதில்: காற்று எதிர்ப்பு அதிகமானால் நல்ல கிளட்ச் பெல்ட்டைச் சற்றுப் பின்வாங்கவிட்டு ஆர்பிஎம்மை அப்படியே வைத்திருக்கும், வேகம்தான் ஒரு இடத்தில் நின்றுபோகும். ஆர்பிஎம்மே இறங்கினால் கடைசிக் கட்டத்தில் கிளட்ச் அவசரப்பட்டு ஏறுகிறது என்று அர்த்தம். வெயிட்டின் நுனியில் இருக்கும் கிராம்தான் உச்சத்தில் அதிகம் பேசும், அச்சுக்குப் பக்கத்தில் இருப்பது புறப்பாட்டில். அதனால் ஸ்க்ரூ அல்லது ரிவெட் போட்டு எடையை மாற்றும் வகை வெயிட் என்றால் நுனியில் மட்டும் குறையுங்கள்.

இல்லையென்றால் பிரைமரி ஸ்பிரிங்கைப் பாருங்கள். 120/340 என்று குறிப்பிட்டிருந்தால் முதல் எண் கிளட்ச் பிடிக்கும் இடத்தில் ஸ்பிரிங் தரும் விசை, இரண்டாவது முழுதாக அமுங்கும்போது தருவது, இரண்டும் பவுண்டில். 340-க்குப் பதில் 360 இருக்கும் ஸ்பிரிங் போட்டால் புறப்பாடு மாறாமல் கடைசியில் மட்டும் ஆர்பிஎம் ஏறும். வெயிட், ஸ்பிரிங் இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று என்னிடம் கேட்டால் எனக்கும் தெரியாது.

கேள்வி: எனக்கு நேர் எதிர். கடைசியில் 8,300 வரை ஏறிவிடுகிறது, வேகம் மட்டும் கூடவில்லை.

பதில்: எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, பிரைமரி தட்டின் சாய்ந்த முகத்தில் மையத்திலிருந்து விளிம்பு வரை பெர்மனென்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கிளட்ச்சின் பாதுகாப்பு மூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு ஒரு முழு ஓட்டம் ஓடி வாருங்கள். பெல்ட் எதுவரை ஏறியதோ அதுவரை கோடு அழிந்திருக்கும். விளிம்பு வரை அழிந்திருந்தால் பெல்ட்டுக்கு ஏற இனி இடமில்லை, அதனால்தான் ஆர்பிஎம் மேலே போகிறது, உங்களுக்கு, ஜாக்ஷாஃப்ட்டிலிருந்து டிராக்குக்குச் சங்கிலி ஓடும் செயின்கேஸில் பெரிய மேல் ஸ்ப்ராக்கெட் (பல்சக்கரம்) வேண்டும். விளிம்புக்கு முன்பே கோடு மிச்சமிருந்தால் வெயிட் குறைவு, அல்லது பெல்ட் வழுக்குகிறது. வழுக்கினால் ரப்பர் வாசனையே காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: சார், செயின்கேஸில் மேல் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் எத்தனை கிலோமீட்டர் கிடைக்கும்?

பதில்: காகிதத்தில் நிறைய கிடைக்கும். 2.86 அங்குல பிட்ச் (பல் பிடிக்கும் இடைவெளி) டிராக், அதை ஓட்டும் எட்டுப் பல் டிரைவர் சக்கரம் என்றால் அந்தச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற டிராக் சுமார் 58 சென்டிமீட்டர் நகரும். 23/43 ஸ்ப்ராக்கெட் (மேலே 23 பல், கீழே 43), 8,000 ஆர்பிஎம், இரண்டு கிளட்ச்சும் ஒரே வேகத்தில் சுற்றும் ஒன்றுக்கு ஒன்று விகிதம் என்றால் கணக்கில் மணிக்கு 149 கி.மீ. பெல்ட் ஓவர்டிரைவில், அதாவது செகண்டரி எஞ்சினைவிட வேகமாகச் சுற்றும் நிலையில், 0.8 விகிதம் வரை போகும் என்று வைத்தால் 186. இதையே 24/43 ஆக்கினால் 149 என்பது 156 ஆகும்.

ஆனால் உங்கள் வண்டி உண்மையில் 165 தான் போகிறது என்று வையுங்கள். 149-ஐ 165-ஆல் வகுத்தால் 0.9. அதாவது பெல்ட் கடைசி வரை போகவே இல்லை, கிளட்ச்சில் இன்னும் இடம் இருக்கிறது, திறன்தான் தீர்ந்துவிட்டது. இப்போது ஒரு பல் கூட்டினால் பெல்ட் 0.94-ல் நிற்கும், வேகம் அதே 165-ஐ ஒட்டித்தான் இருக்கும். காற்றைக் கிழிக்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்றபடி கூடும், 160-லிருந்து 170 போக அதற்கு மட்டுமே சுமார் 20 சதவீதம் அதிகம் வேண்டும். ஸ்ப்ராக்கெட்டின் ஒரு பல் அதைக் கொடுக்காது.

இதில் இன்னொரு கட்சியும் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஓவர்டிரைவின் கடைசியில் பெல்ட் செகண்டரியில் மிகச் சின்ன வட்டத்தில் வளைந்து திறனைத் தின்னும், ஒன்றுக்கு ஒன்றுக்குப் பக்கத்தில் அந்த நஷ்டம் குறைவு, அதனால் பெரிய ஸ்ப்ராக்கெட் போட்டு டாப் ஸ்பீடை அந்த இடத்துக்குக் கொண்டுவரவேண்டும் என்பார்கள். ஏரிப் பனியில் நேர் ஓட்டம் மட்டும் ஓடுபவருக்கு நான் இதை ஒத்துக்கொள்கிறேன். அதே வண்டியில் காட்டுப் பாதையிலும் போகிறவர் செய்தால் புறப்பாடு மந்தமாகி, குறைந்த வேகத்தில் பெல்ட் சூடாகும், எனக்கு அது பிடிக்காது.

கேள்வி: ஹெலிக்ஸ் கோணம் அதிகம் வேண்டுமா, குறைவா?

பதில்: கோணம் கூடினால் பெல்ட் வேகமாக மேலே ஏறும், ஆர்பிஎம் இறங்கும். குறைந்தால் பெல்ட்டின் மேல் பக்க அழுத்தம் கூடும், ஏற்றம் தாமதமாகும், திராட்டிலை விட்டுப் பிடிக்கும்போது சட்டென்று இழுக்கும். 44/36 என்றால் 44-ல் தொடங்கி 36-ல் முடியும் ஹெலிக்ஸ். டாப் ஸ்பீடுக்கு இரண்டாவது எண்ணைப் பாருங்கள். பிரைமரி சரியாக அமையும் வரை ஹெலிக்ஸ் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: நீளமான ஓட்டத்தில் பெல்ட் அடிக்கடி பிய்ந்துபோகிறது அண்ணா. நல்ல பெல்ட்தான் போடுகிறேன்.

பதில்: பெல்ட்டைக் குறை சொல்வதற்கு முன் சூட்டைப் பாருங்கள். ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை அணைத்து, சுழல்வது முழுதாக நின்ற பிறகு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் இரண்டு கிளட்ச்சையும் அளந்துவிடுங்கள். செகண்டரி மட்டும் அதிகச் சூடு என்றால் அங்கே இறுக்கம் போதவில்லை, ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது ஹெலிக்ஸ் கோணம் அதிகம். பிரைமரி மட்டும் கொதித்தால் வழுக்கல் அந்தப் பக்கம். இரண்டுமே சூடு என்றால் எஞ்சின் மவுண்ட் தளர்ந்து கிளட்ச்கள் நேர்க்கோட்டில் இல்லையா, பெல்ட் இறுக்கம் சரியா என்று பாருங்கள், சேஸிஸில் சூட்டுக் காற்று வெளியேற வழி இருக்கிறதா என்பதும் முக்கியம்.

புது பெல்ட்டைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். முதல் 50 கி.மீ. அளவுக்கு முழுத் திராட்டில் வேண்டாம், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். கடையில் வாங்கி மாட்டியவுடன் ஏரியில் முழுத் திராட்டில் பிடித்தால் எந்த பெல்ட்டும் தாங்காது.

கேள்வி: 2,000 மீட்டர் உயரத்தில் ஓட்டிவிட்டு கீழே சமவெளிக்கு வருகிறேன். எதை மாற்ற?

பதில்: டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் திறனை இழக்கும், 2,000 மீட்டரில் சுமார் 20 சதவீதம். மேலே ஓட்டக் குறைத்து வைத்த வெயிட்டோடு கீழே வந்தால் எஞ்சின் கத்தும். வெயிட்டைக் கூட்டவேண்டும், கீழே கையேட்டில் இருக்கும் செட்டிங்கில் தொடங்குங்கள். குளிரும் கணக்கில் வரும்: 0 டிகிரியைவிட மைனஸ் 20-ல் காற்று சுமார் 8 சதவீதம் அடர்த்தி. அதனால் மிதமான நாளில் எடுத்த அளவையும் கடுங்குளிர் நாளில் எடுத்த அளவையும் வைத்துச் சண்டை போடாதீர்கள்.

கேள்வி: மீட்டர் 172 காட்டுகிறது, ஜிபிஎஸ் 158. எதை நம்ப?

பதில்: ஜிபிஎஸ். மீட்டர் டிராக் சுற்றும் வேகத்தைக் காட்டுகிறது, டிராக் பனியில் வழுக்குவது அதற்குத் தெரியாது.

கேள்வி: டர்போ கிட் போட்டிருக்கிறேன். பழைய கிளட்ச் செட்டிங் போதுமா?

பதில்: போதாது. டார்க் கூடியதும் பழைய வெயிட்களால் எஞ்சினைப் பிடிக்க முடியாது, ஆர்பிஎம் எல்லை தாண்டும். வெயிட் கூட்டி, செகண்டரியில் இறுக்கத்தையும் கூட்டுங்கள்.

கேள்வி: எல்லாம் சரியாக வைத்தும் போன வருஷம் போன வேகம் இந்த வருஷம் இல்லை. செட்டிங் எதையும் தொடவில்லை.

பதில்: செட்டிங்கைத் தொடவில்லை என்றால் தேய்மானத்தைத் தேடுங்கள். ரோலரில் தட்டையான இடம், வெயிட்டின் வளைவில் பள்ளம், தளர்ந்த புஷ், உரசும் இடத்தில் தேய்ந்த பட்டன், சோர்ந்த ஸ்பிரிங், இதில் ஒன்று இருந்தாலே பெல்ட் திக்கித் திக்கி ஏறும். கிளட்ச்சைக் கழற்ற அதற்கான புல்லர் வேண்டும், ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது, சுத்தியலால் தட்டிக் கழற்றலாம் என்று நினைக்கவேண்டாம். திரும்பப் பூட்டும்போது தட்டுகளில் இருக்கும் அடையாளங்கள் ஒன்றுக்கொன்று நேராக வரவேண்டும், இல்லையென்றால் பேலன்ஸ் போய்விடும். டிராக்கையும் மறக்காதீர்கள். அதிக இறுக்கம், டிராக் உரசி ஓடும் பிளாஸ்டிக் பட்டையான ஸ்லைடர் காய்ந்திருப்பது, சுற்றாத ஒரு வீல், இவை தின்பது கிளட்ச்சில் தேடினால் கிடைக்காது.

கேள்வி: ஏரிப் பனியில் சோதிக்கலாமா?

பதில்: தெளிவான புதுப் பனிக்கட்டி குறைந்தது 13 முதல் 18 சென்டிமீட்டர் வேண்டும், வெண்மையான பனிக்கட்டிக்கு அதில் பாதிப் பலம்தான் என்பதால் தடிமன் இரட்டிப்பு வேண்டும். துளையிட்டு அளந்து, ஓடப்போகும் நீளம் முழுக்க நடந்து பாருங்கள், நிற்கவும் தூரம் தேவை. வெறும் பனிக்கட்டியில் ஸ்லைடருக்கு ஈரம் கிடைக்காது, மேலே கொஞ்சம் பனித்தூள் இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பெல்ட் வழுக்காமல் இருக்க அதன் மேல் ஏதாவது தடவலாமா?

பதில்: கூடாது. கிளட்ச் தட்டுகளை ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்பு நாரால் லேசாகத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, உலரவிட்டு பெல்ட்டை மாட்டுங்கள்.