பேனாவைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளியும் மகள்

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. நான்கு மாதங்களுக்கு முன் டைப் 1 சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்தார்கள். தினமும் நான்கு முறை இன்சுலின் போடுகிறோம். இன்சுலின் போடும் பேனா வடிவ ஊசியைக் கையில் எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள். நானும் மாமியாரும் கை கால்களைப் பிடித்துக்கொள்ள, கணவர் போடுகிறார். வலது தொடையில் போட்டால்தான் அழுகை சற்றுக் குறைகிறது. அதனால் பெரும்பாலும் அங்கேயே போடுகிறோம். இரவு ஊசியை அவள் தூங்கிய பிறகு போட்டுவிடுகிறோம். பேனாவின் முனையில் மாட்டும் நீடில் ஒன்றை ஒரு வாரம் வைத்துக்கொள்கிறோம். வலிக்காமல் போட வழி உண்டா? – ஒரு தாய், தேனி

பதில்: ஒரு நாளைக்கு நான்கு என்றால் ஓர் ஆண்டுக்கு 1,460 ஊசிகள். இதில் ஒன்றைக்கூட "இன்று வேண்டாம், பாவம்" என்று விட முடியாது. டைப் 1 என்றால் உடல் தனக்குத் தேவையான இன்சுலினைத் தானே சுரக்க முடியாத நிலை; அந்தக் குழந்தைக்கு ஊசி நின்றால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தான நிலை வரலாம். ஆகவே போடுவதா வேண்டாமா என்பதில் பேச்சே இல்லை, எப்படிப் போடுவது என்பதில்தான் நமக்கு இடம் இருக்கிறது. அந்த இடம் நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது.

முதலில் நீடில். ஒரு வாரம் என்றால் ஒரே முனை 28 முறை தோலைத் துளைக்கிறது. இன்றைய பேனா நீடில்கள் மயிரிழை போல மெல்லியவை. வழுக்கிக்கொண்டு இறங்குவதற்காக அவற்றின் மேல் ஒரு பூச்சும் உண்டு. ஒரு முறை போட்டதுமே பூச்சு தேயத் தொடங்கிவிடும், முனையும் மழுங்கும். குழந்தை அழுவது பிடிவாதத்தால் மட்டும் அல்ல, அவளுக்கு உண்மையாகவே வலிக்கிறது. ஒவ்வொரு முறையும் புது நீடில் என்பதே விதி. செலவு இடிக்கும் என்பது எனக்குத் தெரியும். மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். போட்டு முடித்ததும் நீடிலைப் பேனாவிலேயே விட்டுவைக்காமல் கழற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் மருந்து கசியும், காற்றுக் குமிழும் உள்ளே போகும்.

அடுத்து, பெட்டியில் என்ன நீளம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 4 மில்லிமீட்டர் போதும். தோலின் தடிமன் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான்; மருந்து அதற்குக் கீழே இருக்கும் கொழுப்பு அடுக்கில் இறங்கினால் வேலை முடிந்தது. ஒல்லியான குழந்தைக்கு 8 மில்லிமீட்டர் நீடிலை நேராகக் குத்தினால் அது தசைக்குள் போய்விடும். தசையில் போனால் வலியும் கூடும், மருந்தும் வேகமாக ரத்தத்தில் கலந்து சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். உங்கள் மகளின் வயதில் 4 மில்லிமீட்டர் நீடிலுக்கும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை மென்மையாக மடித்துப் பிடித்துக்கொள்வது நல்லது. கிள்ளுவது வேறு, மடிப்பது வேறு. பல வீடுகளில் ஊசியைவிட அந்தக் கிள்ளுதான் வலிக்கிறது!

ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த கையோடு போடுகிறீர்களா? குளிர்ந்த இன்சுலின் எரிச்சல் தரும். பயன்பாட்டில் இருக்கும் பேனாவை, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் வரை வெளியிலேயே வைக்கலாம். உங்கள் பேனாவின் தாளில் போட்டிருப்பதை ஒருமுறை பாருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரியைத் தாண்டும் என்பதால், அப்போது ஃபிரிட்ஜில் வைத்து, போடுவதற்கு அரை மணி நேரம் முன்பு எடுத்து வைத்தால் போதும். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் மண்பானைக்குள் மண்பானை வைத்து, இடையில் ஈரமணல் நிரப்பிப் பயன்படுத்துகிறார்கள். நன்றாகவே வேலை செய்யும். நீண்டநேரம் வேலை செய்யும் சில இன்சுலின்கள் அமிலத்தன்மை கொண்டவை. அவை இயல்பாகவே சற்று எரியும். நான்கில் ஒரு ஊசிக்கு மட்டும் அதிகம் அழுகிறாள் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஈரம் காயும் முன் குத்தினால் ஸ்பிரிட்டும் உள்ளே போய்ச் சுரீர் என்று எரியும். குளித்த சுத்தமான தோலுக்கு வீட்டில் ஸ்பிரிட்டே தேவையில்லை.

இனி வலது தொடை. அங்கே அழுகை குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் தோலுக்கு அடியில் கொழுப்புக் கட்டி திரளும். அங்கே உணர்ச்சி குறைவு; அதனால்தான் குழந்தைகள் தாமாகவே அந்த இடத்தைக் காட்டுவார்கள். ஆனால் கட்டிக்குள் போன இன்சுலின் எப்போது, எவ்வளவு உறிஞ்சப்படும் என்று சொல்லவே முடியாது. காரணமே தெரியாமல் சர்க்கரை ஏறி இறங்குகிறதா? இதுவாக இருக்கலாம். இன்றிரவு விரல் நுனியால் அந்தத் தொடையைத் தடவிப் பாருங்கள். ரப்பர் போலத் தடித்திருந்தால் சில மாதங்களுக்கு அந்த இடத்தை விட்டுவிடுங்கள். வயிறு, இரு தொடைகள், பிட்டம், மேற்கையின் பின்புறம் என்று மாற்றுங்கள். ஒரே பகுதிக்குள்ளும் முந்தைய ஊசியிலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: கட்டியிலிருந்து நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவு இன்சுலின் கூடுதலாக வேலை செய்து சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள். அந்த நாட்களில் கூடுதல் முறை சோதியுங்கள்.

உலகில் முதன்முதலாக இன்சுலின் போட்டுக்கொண்டவன் 14 வயதுச் சிறுவன். 1922 ஜனவரி, கனடாவின் டொரன்டோ நகரம். அன்றைய கண்ணாடிச் சிரிஞ்சையும், கொதிக்கவைத்து, கல்லில் தீட்டிப் பயன்படுத்திய தடித்த ஊசியையும் பார்த்தால் இன்றைய நீடில் ஒன்றுமே இல்லை. ஆனால் இதை ஐந்து வயதுக் குழந்தையிடம் சொல்லி ஒரு பயனும் இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், மூன்று பெரியவர்கள் சேர்ந்து தன்னை அமுக்குகிறார்கள் என்பதுதான்.

நீங்கள் உடனே நிறுத்த வேண்டியது இதைத்தான். மல்லாக்கப் படுக்கவைத்துப் பிடித்தால் பயம் இரட்டிப்பாகும்; பயத்தில் தசை இறுகும்; இறுகிய இடத்தில் ஊசி இன்னும் வலிக்கும். அதற்குப் பதிலாகப் பாட்டி நாற்காலியில் உட்காரட்டும், பேத்தி மடியில். பாட்டியின் கைகள் அவளை நெஞ்சோடு அணைத்திருக்கட்டும், கால் மட்டும் வெளியே. அதே கைகள்தான், ஆனால் குழந்தைக்கு அது பிடி அல்ல, அணைப்பு.

ஊசியைக் காட்டிப் பேரம் பேசும் நேரம் நீள நீள அழுகையும் நீளும். எல்லாவற்றையும் அவள் பார்வைக்கு வெளியே தயார் செய்துவிட்டு, ஒரே நிமிடத்தில் முடியுங்கள். "போடலாமா?" என்று கேட்காதீர்கள்; "வேண்டாம்" என்றால் என்ன செய்வீர்கள்? "இடது காலா, வயிறா?" என்று கேளுங்கள். சோப்பு நுரைக் குமிழியோ காகிதக் காற்றாடியோ கையில் கொடுத்து ஊதச் சொல்லுங்கள். மூச்சை வெளியே விடும் நேரத்தில் உடல் தளரும், அப்போது சட்டென்று குத்துங்கள். மெதுவாகக் குத்தினால் வலிக்காது என்பது தவறான எண்ணம். மருந்தை மட்டும் நிதானமாக அழுத்தி, பத்து வரை எண்ணிவிட்டு வெளியே எடுங்கள். அந்த எண்ணிக்கையை அவளே எண்ணட்டும். "மூன்று சொன்னதும் போடுவேன்" என்றால் மூன்றில்தான் போட வேண்டும். இரண்டிலேயே குத்திவிட்டால் அடுத்த முறை ஒன்றிலேயே அழத் தொடங்குவாள்.

"வலிக்கவே வலிக்காது" என்ற பொய்யும் வேண்டாம். "எறும்பு கடித்த மாதிரி இருக்கும், பத்து எண்ணுவதற்குள் போய்விடும்" என்று சொல்லலாம். "சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போட்டுவிடுவேன்" என்று மிரட்டுவது நம் வீடுகளில் வழக்கம். அவளை மட்டுமல்ல, வீட்டில் உள்ள வேறு பிள்ளைகளையும் இனி அப்படி மிரட்டாதீர்கள். மருந்து தண்டனையாகிவிடக் கூடாது.

தூக்கத்தில் போடுவதையும் விடச் சொல்வேன். கண்ணை மூடினால் குத்துவார்கள் என்று தெரிந்த குழந்தை எப்படி நிம்மதியாகத் தூங்கும்? நீண்டநேர இன்சுலினைத் தினமும் தூங்கப் போகும் முன் ஒரே நேரத்தில் போடும்படி மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மரத்துப்போகச் செய்யும் களிம்பைப் பற்றிச் சிலர் சொல்லியிருப்பார்கள். அது வேலை செய்ய ஒரு மணி நேரம் தடவி மூடிவைக்க வேண்டும்; ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவும் உண்டு. வாரம் ஒருமுறை ஊசி போடும் குழந்தைக்கோ ரத்தம் எடுப்பதற்கோ அது நல்ல உதவி, நான்கு வேளை இன்சுலினுக்குச் சரிவராது. துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைச் சில விநாடிகள் வைத்து எடுப்பது சில குழந்தைகளுக்குப் பலன் தரும், சிலருக்கு ஐஸே பிடிக்காது. சிறு குழாயைத் தோலுக்கு அடியில் பொருத்தி, மூன்று நாள் வரை அதன் வழியாகவே இன்சுலின் செலுத்தும் பட்டையும் இருக்கிறது. இவ்வளவும் செய்து பார்த்தும் பயம் தணியவில்லை என்றால் அதைக் கேட்டுப் பாருங்கள், விலை கூடுதல்தான்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது பேனாவையும் நீடில் பெட்டியையும் எடுத்துச் சென்று, வீட்டில் போடுவது போலவே நர்ஸ் முன்னால் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். மாமியாரையும் கூட்டிச் செல்லுங்கள். மடியில் எப்படி உட்காரவைப்பது என்று அவரும் அங்கேயே கற்றுக்கொள்ளட்டும்.