விழுந்துகொண்டே இருக்கும் நிலையம்

கேள்வி: விண்வெளி நிலையத்தின் உயரத்தில் புவியீர்ப்பு இல்லை, அதனால்தானே வீரர்கள் மிதக்கிறார்கள்? என் மகள் அது தவறு என்று அடித்துச் சொல்கிறாள்.

பதில்: மகள் சொல்வதுதான் சரி. நிலையம் சுற்றுவது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். தரையில் நிற்கும் நாமே பூமியின் மையத்திலிருந்து 6,371 கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறோம். அதோடு இன்னொரு 400 சேர்ந்தால் ஈர்ப்பு எவ்வளவு குறைந்துவிடும்? கணக்குப் போட்டால், இங்கிருப்பதில் சுமார் 89 சதவீதம் அங்கும் இருக்கிறது. அவ்வளவு உயரக் கோபுரம் ஒன்றைக் கட்டி, உச்சியில் எடை பார்த்தால், 60 கிலோ உள்ளவருக்கு 53 கிலோவாவது காட்டும். அங்கே யாரும் மிதக்க மாட்டார்கள்.

நிலையத்தில் மிதப்பதற்குக் காரணம், நிலையமே விழுந்துகொண்டிருப்பது. ஒரு விநாடியில் அது நாலு மீட்டருக்குச் சற்று அதிகமாக விழுகிறது. அதே விநாடியில் பக்கவாட்டில் ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. அதற்குள் பூமியும் அதே அளவு வளைந்து விலகிவிடுவதால், எத்தனை விழுந்தாலும் தரை எட்டுவதில்லை. வீரரும் விழுகிறார், அவர் காலடித் தளமும் கூடவே விழுகிறது. பிறகு எது எதை அழுத்தும்?

இதை நான் நம்பியது ஒரு பிளாஸ்டிக் பாட்டிலால். அடிப்பக்கம் ஓட்டை போட்டு, நீர் நிரப்பி, மூடியைத் திறந்துவைத்து மாடியிலிருந்து கைவிட்டேன். கையில் இருந்தவரை பீச்சிய நீர், விழத் தொடங்கியதும் சட்டென்று நின்றுவிட்டது. மகளோடு சேர்ந்து செய்துபாருங்கள். கீழே ஆள் இல்லாததை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: 1977-ல் அனுப்பிய வாயேஜர் 1 விண்கலம் இன்னும் பேசுகிறதா?

பதில்: பேசுகிறது. இந்தக் கேள்வி வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 1989-ல் அதன் இரட்டையான வாயேஜர் 2 அனுப்பிய நெப்டியூன் படத்தைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி நோட்டில் ஒட்டியவன் நான். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

வாயேஜர் 1 இப்போது 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால். ஒளி வேகத்தில் போகும் ரேடியோ அலைக்கே 22 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதன் ஒலிபரப்பியின் சக்தி வெறும் 23 வாட், ஒரு சிறிய மின்விளக்கின் அளவு. இங்கே வந்து சேரும் துளியைப் பிடிக்க 70 மீட்டர் அகலமுள்ள ஆன்டெனாக்கள் காத்திருக்கின்றன.

2023 நவம்பரில் அது அர்த்தமில்லாமல் பிதற்றத் தொடங்கியது. தகவலைத் தொகுக்கும் கணினியில் நினைவகச் சில்லு ஒன்று பழுது. தொட்டுச் சரிசெய்ய வழியில்லை. பொறியாளர்கள் அந்தச் சில்லில் இருந்த நிரலைத் துண்டு துண்டாக்கி, நினைவகத்தில் வேறு எங்கெல்லாம் இடம் இருந்ததோ அங்கெல்லாம் பதுக்கிவைத்தார்கள். 2024 ஏப்ரல் 18-ல் முதல் கட்டளை போனது. பதில் 20-ம் தேதி வந்தது. அந்த இரண்டு நாள் காத்திருப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

கேள்வி: நட்சத்திரம் மினுக்குகிறது, கோள் ஏன் மினுக்குவதில்லை?

பதில்: நட்சத்திரம் வெகு தொலைவில் இருப்பதால் வெறும் புள்ளி; காற்றின் அலைவு அதன் ஒளியை எளிதில் அசைத்துவிடும். கோள் ஒரு சின்ன வட்டு. அதன் ஒவ்வொரு பகுதியின் அசைவும் மற்றதை ஈடுகட்டிவிடும். அடிவானத்துக்கு அருகே கோளும் சற்று மினுக்கலாம்.

கேள்வி: பள்ளி மாணவன் நான். எந்த டெலஸ்கோப் வாங்கலாம்?

பதில்: இப்போது வேண்டாம், தம்பி. பத்து மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று போதும். முழங்கைகளைச் சுவரில் ஊன்றி, வியாழனைப் பார். பக்கத்தில் ஒரே கோட்டில் புள்ளிகள் தெரியும். நாலு வரை எண்ணலாம். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த அதே நிலவுகள். பென்சிலால் வரைந்துவை. அவற்றில் ஐஓ 42 மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடும் என்பதால், மறுநாள் இரவே படம் மாறியிருக்கும். ஒரு வாரம் வரைந்து எனக்கு அனுப்பு.