கொலைகாரன் சிரிக்கக் கூடாது: வாசகர் கேள்வி பதில்

சாட்ஸ்வொர்த் வாசகி: சனிக்கிழமை ராத்திரி ஆனால் பிள்ளைகள் எல்லாரும் கூடி உட்கார்ந்து மலிவான ஸ்லாஷர் காமெடிப் படம் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நடிப்பு சுமார், ரத்தம் பார்த்தாலே பொய் என்று தெரிகிறது. அப்படி என்னதான் இருக்கிறது இதில்?

‘கூடி உட்கார்ந்து’ என்று எழுதினீர்களே, பாதி விடை அதுதான் அம்மா. தனியாகப் பார்த்தால் இந்தப் படங்களில் பாதிச் சுவை போய்விடும். ஸ்லாஷர் என்றால் ஒரு கொலைகாரன் ஆட்களை ஒவ்வொருவராக வெட்டிச் சாய்க்கும் திகில் படம். அதன் விதிகள் எல்லாருக்கும் மனப்பாடம்: தனியாகப் போனவன் திரும்பி வரமாட்டான், வண்டி கிளம்பாது, செத்துவிட்டான் என்று முதுகைக் காட்டினால் எழுந்து நிற்பான். ‘போகாதேடி!’ என்று திரையைப் பார்த்துக் கத்த இடம் கிடைக்கிறது. 1981இல் வந்த ‘ஸ்டூடண்ட் பாடீஸ்’ படத்தில் ஒவ்வொரு சாவுக்கும் திரையிலேயே எண்ணிக்கை போட்டார்கள். பார்க்கிறவர்களும் சேர்ந்து எண்ணலாம்.

மலிவும் இந்த வகையோடு கூடப் பிறந்தது. 1978இல் ‘ஹாலோவீன்’ என்ற ஸ்லாஷர் படம் சுமார் 3 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டது. கொலைகாரனின் முகமூடி 2 டாலருக்கும் குறைவாகக் கடையில் வாங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ கேப்டன் முகமூடி. வெள்ளை அடித்து, கண் ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டார்கள். இசையையும் இயக்குநர் ஜான் கார்ப்பென்டரே போட்டார், ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில். காது நான்கை எதிர்பார்த்து ஒவ்வொரு சுற்றிலும் ஏமாறுகிறது. அந்தப் பதற்றத்துக்குச் செலவே இல்லை.

பீனிக்ஸ் வாசகர்: ஆனால் நான் பார்த்த பெரும்பாலான படங்களில் பயமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. எங்கே கோளாறு?

கொலைகாரனைக் கோமாளியாக்கிவிடுகிறார்கள். அவன் கால் தடுக்கி விழுந்து, முகமூடி கழன்று அசடு வழிந்த பிறகு கத்தியைத் தூக்கினால் யார் பயப்படுவார்கள்? பயம் போனால் கூடவே சிரிப்பும் போய்விடும், ஏனென்றால் இந்த வகையில் சிரிப்பு பதற்றத்திலிருந்துதான் பிறக்கிறது. கொலைகாரன் கடைசிவரை நிஜமாக இருக்கட்டும். சிரிப்பு மற்றவர்களிடமிருந்து வரட்டும்: உயிர் போகிற ஓட்டத்திலும் வாசல் கேட்டைப் பூட்டினோமா என்று திரும்பிப் பார்க்கிற பெரியம்மாவிடமிருந்து, போலீசுக்குப் போன் செய்து விலாசம் சொல்வதற்குள் தெருப்பெயருக்காகச் சண்டை போடும் அண்ணன் தம்பியிடமிருந்து. 2010இல் வந்த ‘டக்கர் அண்ட் டேல் வெர்சஸ் ஈவில்’ இதை இன்னும் தள்ளிக்கொண்டு போனது. அதில் வரும் இரண்டு நாட்டுப்புறத்தார் பரம சாதுக்கள். அவர்களைக் கொலைகாரர்கள் என்று நினைத்து மிரளும் மாணவர்கள் தாங்களாகவே விபத்தில் சிக்கிச் சாகிறார்கள். மாணவர்களின் பயம் முழு நிஜம் என்பதால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது.

அடுத்தது, ஜோக்கை வைக்கும் இடம். கத்தி இறங்கும் அதே நொடியில் ஜோக் வைத்தால் இரண்டும் வீண். ஜோக் முதலில் வரட்டும். அரங்கம் சிரித்து மூச்சை விட, இரண்டு நொடி சும்மா விடுங்கள். பிறகு கத்தி.

மூன்றாவது, முதல் அரை மணி நேர அரட்டை. எட்டுப் பேர் ஒரே குரலில் பேசினால் யார் செத்தால் நமக்கென்ன? நம் தென்னாப்பிரிக்கப் படங்களில் இன்னொரு பழக்கமும் உண்டு: டர்பன் இந்தியப் பேச்சை இழுத்து இழுத்துப் பேசினாலே போதும் என்று நினைப்பது. அது ஐந்து நிமிடம் தாங்கும். பெண்கள் அலறவும் ஆடை கலையவும் மட்டுமே வருவது இந்த வகையின் பழைய அழுக்கு. காமெடி என்ற பெயரில் அதை மன்னிக்க எனக்கு மனமில்லை. 1982இல் வந்த ‘ஸ்லம்பர் பார்ட்டி மாசக்கர்’ படத்தை எழுத்தாளர் ரீட்டா மே பிரவுன் கேலிப் படமாகத்தான் எழுதினார். எடுத்தவர்கள் அதை நேரான திகில் படமாக எடுத்தார்கள். அதனால் சில காட்சிகளில் கேலி எது, நிஜம் எது என்று படத்துக்கே தெரியாததுபோல் இருக்கும்.

லெனேசியா வாசகர்: 14 வயது மகனைத் தியேட்டருக்கு அழைத்துப் போகலாமா?

போஸ்டரில் தென்னாப்பிரிக்கத் தணிக்கை வாரியம் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 16 என்று இருந்தால், நீங்கள் கூடப் போனாலும் உள்ளே விடக் கூடாது. பக்கத்தில் ‘எச்’ இருந்தால் திகில், ‘வி’ இருந்தால் வன்முறை. இந்த வகைப் படங்களுக்குப் பெரும்பாலும் 16 அல்லது 18 என்றுதான் வரும்.

டோங்காட் இளைஞர்கள்: பத்து நிமிட ஸ்லாஷர் காமெடி எடுக்கப் போகிறோம். போன் கேமராதான். கதை கரும்புத் தோட்டத்தில் நடக்கிறது. ரத்தம், கத்தி, இருட்டு மூன்றுக்கும் வழி சொல்லுங்கள்.

நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள் தம்பிகளா. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்பு வேறெந்த செட்டும் தராத பயத்தைத் தரும். தோட்டக்காரரிடம் அனுமதி வாங்குங்கள். எந்தப் பகுதியை எப்போது கொளுத்தி வெட்டப் போகிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பாம்பு இருக்கும், கரும்புச் சோகை (இலை) தோலைக் கிழிக்கும், ஆகவே உள்ளே நுழைய வேண்டாம். கேமராவை வண்டிப்பாதையில் தாழ்வாக வைத்து, ஓரத்தில் இரண்டு வரிசைக்குள் மட்டும் ஆளை ஓடவிடுங்கள். திரையில் நடுக்காடு மாதிரியே தெரியும்.

ரத்தம்: கேக் சாமான் கடையில் லிக்விட் குளுக்கோஸ் வாங்குங்கள். ஒரு கப் குளுக்கோசுக்குக் கால் கப் வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு டீஸ்பூன் சிவப்பு உணவுச் சாயம், ஒரு டீஸ்பூன் சலித்த கோக்கோ, ஒரே ஒரு சொட்டு நீலம். நீலம் கூடினால் கத்தரிப்பூ நிறமாகிவிடும். கோக்கோ இல்லாவிட்டால் ரோஸ்மில்க் போலத் தெரியும். ஒரு டேபிள்ஸ்பூன் மைசீனா சோள மாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கரைத்துச் சேர்த்தால் கண்ணாடி போல ஊடுருவித் தெரியாமல் அடர்த்தியாக நிற்கும். அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள், கஞ்சியாகிவிடும். படம் எடுக்கப் போகும் வெளிச்சத்திலேயே வெள்ளைத் துணியில் ஊற்றிக் கேமராவில் பார்த்துக்கொள்ளுங்கள். நீல வெளிச்சத்தில் சிவப்பு கறுத்துப்போகும். அங்கே கோக்கோவைப் பாதியாக்குங்கள்.

பீறிட வேண்டுமானால் மருந்துக்கடை 60 மில்லி சிரிஞ்சும் மீன்தொட்டி ஏர் டியூப்பும் போதும். டியூபைச் சட்டைக்குள் டேப் போட்டு ஒட்டி, மறுமுனையில் ஒருவர் பிரேமுக்கு வெளியே உட்கார்ந்து அழுத்தட்டும். இதற்கு ரத்தத்தில் இன்னும் இரண்டு ஸ்பூன் தண்ணீர் சேர்க்க வேண்டும். சலிக்காத கோக்கோ டியூபை அடைத்துக்கொள்ளும். ஒரே மாதிரிச் சட்டை மூன்று வாங்குங்கள், முதல் டேக்கிலேயே ஒன்று போய்விடும். சாயம் தோலில் பிடிக்கும், முன்பே வாசலின் தடவுங்கள். இது சர்க்கரை என்பதால் எறும்பும் தேனீயும் தேடி வரும். ஈரத்துணி கையில் இருக்கட்டும்.

கத்தி: நிஜக் கரும்புவெட்டுக் கத்தியைத் தனி குளோசப்புக்கு மட்டும் எடுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கக் கூடாது. துரத்தவும் குத்தவும் யோகா விரிப்பு போன்ற ஃபோமை வெட்டி, மரம் ஒட்டும் பசையை இரண்டு கோட் பூசிக் காயவைத்து, மேலே வெள்ளிப் பெயின்ட் அடியுங்கள். பசை பூசாவிட்டால் ஃபோம் பெயின்டைக் குடித்துவிடும். உள்ளே கம்பி வைக்காதீர்கள்.

இருட்டு: போன் கேமரா இரவில் புள்ளி புள்ளியாக எடுக்கும். பகலிலேயே எடுங்கள். மேனுவல் முறையில் வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் (எக்ஸ்போஷர் அளவில் -2) குறைத்து, நிறச் சமநிலையான ஒயிட் பேலன்சை 3200 கெல்வினில் வைத்தால் படம் நீலமாகும். சூரியன் நடிகருக்குப் பின்னால் இருக்கட்டும். வானம் தெரிந்தால் குட்டு உடைந்துவிடும்.

வெருலம் வாசகர்: வேண்டுமென்றே மட்டமாக எடுத்து, ‘அதுதான் ஜோக்’ என்று சொல்லலாமா?

சொல்லலாம், அந்த மட்டத்துக்கு ஒரு கணக்கு இருந்தால். 2017இல் ஜப்பானில் சுமார் 30 லட்சம் யென்னில் எடுத்த ‘ஒன் கட் ஆஃப் த டெட்’ ஸ்லாஷர் அல்ல, ஜாம்பிப் படம். ஆனால் பாடம் இதற்கும் பொருந்தும். முதல் 37 நிமிடம் ஒரே ஷாட், அதில் ஏகப்பட்ட தடுமாற்றம். ஒவ்வொரு தடுமாற்றமும் ஏன் நடந்தது என்று பிற்பகுதி அவிழ்த்துக் காட்டுகிறது. காரணம் தெரிந்ததும் அரங்கமே சிரிக்கிறது.

எந்தக் கணக்கிலும் அடங்காதது மட்டமான ஒலி. படம் மங்கினால் பொறுத்துக்கொள்கிறவர்கள் வசனம் கேட்காவிட்டால் எழுந்து போவார்கள். இரண்டாவது போனை ரெக்கார்டராக்கி நடிகரின் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் 30 நொடி பதிவு செய்தால், எடிட்டிங்கில் வெட்டுத் தெரியாமல் அடியில் ஓடவிடலாம். குத்துச் சத்தத்துக்கு முட்டைக்கோசைக் குத்துங்கள், எலும்பு முறியும் சத்தத்துக்குக் கரும்பை ஒடியுங்கள். இவற்றை ஜன்னல் சாத்திய அறையில் தனியாகப் பதிவு செய்யுங்கள். தோட்டத்தில் சோகைச் சலசலப்பு எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.