கல்லறையைத் தேய்க்கும் முன் பத்திரத்தைப் பாருங்கள்

கேள்வி: நியூயார்க் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் குடியிருக்கிறோம். ஊரோரத்துப் பழைய கல்லறைத் தோட்டம், அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு (1861-65) முன்பே சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின மக்களுடையது என்கிறார்கள். அந்த வரலாற்றைத் தொகுக்க நாலைந்து பேர் சேர்ந்திருக்கிறோம். எங்கே தொடங்குவது?

பதில்: கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அலுவலகத்தின் கிரயப் பத்திரங்களில். காரணம் இருக்கிறது. 1821 மாநில அரசியலமைப்பின்படி, கறுப்பின ஆண் வாக்களிக்க 250 டாலர் மதிப்புள்ள நிலம் வேண்டும். வெள்ளையருக்கு அப்படியொரு தொகை கிடையாது. அதனால் நிலம் கறுப்பினத்தவருக்கு வீட்டடி மட்டுமல்ல, வாக்குச்சீட்டும்கூட. மன்ஹாட்டனில் 1825-ல் ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவர் 125 டாலருக்கு மூன்று மனைகள் வாங்கினார். செனிகா கிராமம் என்ற கறுப்பினத்தவர் குடியிருப்பு அங்கே முளைத்தது. 1857-க்குள் சென்ட்ரல் பார்க் என்ற பூங்காவுக்காக அதை இடித்துவிட்டார்கள். ஊர் போயிற்று, பத்திரம் இருக்கிறது.

விற்றவர், வாங்கியவர் பட்டியல் இரண்டையும் பாருங்கள். வாங்கிப் பல ஆண்டு கழித்துப் பதிந்தவர்களும் உண்டு. ஒரு வருடத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்து மக்கள்தொகைக் கணக்கு. 'கறுப்பினத்தவர் பெயர்கள் 1870-க்கு முன் கிடைக்காது' என்று யாராவது சொல்வார்கள். அது அடிமைப்பட்டிருந்தவர்களுக்குப் பொருந்தும். சுதந்திரமானவர்களின் பெயர்கள் 1850 கணக்கிலேயே, வீட்டிலுள்ள குழந்தை வரை, இருக்கும். அதற்கு முந்தையவற்றில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. எனக்குப் பிடித்தது மாநிலம் எடுத்த 1855 கணக்கு. வீடு மரமா செங்கல்லா, மதிப்பு என்ன, அந்த ஊருக்கு வந்து எத்தனை ஆண்டு என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். எழுத்துக்கூட்டல் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். எழுதியவர் காதில் விழுந்ததுதான் பெயர்.

பழைய வரைபடத்தை இன்றைய தெருவோடு பொருத்திப் பாருங்கள். புரூக்ளினில் 1838-ல் ஜேம்ஸ் வீக்ஸ் என்ற கறுப்பினத்தவர் நிலம் வாங்கிய இடத்தில் வளர்ந்த வீக்ஸ்வில் என்ற குடியிருப்பை ஊரே மறந்திருந்தது. 1968-ல் ஜேம்ஸ் ஹர்லி என்ற ஆய்வாளரும் ஒரு விமானியும் மேலே பறந்து தேடியபோது, கட்டம்போட்ட தெருக்களுக்கு ஒத்துவராமல் கோணலாக நின்ற வீடுகள் கண்ணில் பட்டன. அவை ஹண்டர்ஃபிளை என்ற பழைய சாலையை ஒட்டிக் கட்டியவை.

அங்கே புதைக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இருந்தால் கடைசியில் 'பேட்டி' எடுக்கப் போகாதீர்கள். முதல் கூட்டத்துக்கே அழையுங்கள். அவர்களது படங்களை அங்கேயே ஸ்கேன் செய்து கையோடு கொடுத்துவிடுங்கள். லேமினேஷன், செல்லோடேப் வேண்டாம்.

கல்லறைக் கல்லிலுள்ள எழுத்தைப் படிக்கச் சுண்ணக்கட்டி, மாவு, கம்பி பிரஷ், பிளீச் எதுவும் கல்லில் படக்கூடாது. காலை வெயில் சாய்வாக விழும்போது படமெடுங்கள். நிழலான கல்லுக்கு ஒரு கண்ணாடியைப் பிடித்து ஒளியைப் பக்கவாட்டில் திருப்பினால் போதும்.