தொட்டியில் விதை போட்டவர்களின் கேள்விகள்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். “என்ன உரம் போடலாம்?” என்று மட்டும் கேட்டவர்களுக்குத் தனிப் பதில் இல்லை. அவர்களில் பாதிப் பேருக்கு உரமே தேவைப்படாது. ஏன் என்று கீழே இருப்பதைப் படித்தால் தெரியும்.

கேள்வி: அக்கா, தக்காளி விதை அழகாக முளைத்தது. சில நாளில் நாற்றுகள் ஒவ்வொன்றாக அடித்தண்டு மெலிந்து சாய்ந்துவிட்டன. தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன். விதை சரியில்லையா?

பதில்: முளைத்துவிட்டதே, அப்புறம் விதைமேல் ஏன் பழி? இது நாற்றழுகல். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற கிருமிகள் மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டைத் தாக்கும். ஈரம் காயாத தொட்டி மண் கலவை, நெருக்கமாக விழுந்த விதை, காற்று வராத மூலை, இந்த மூன்றும் சேர்ந்தால் போதும். சாய்ந்த நாற்று பிழைக்காது, எடுத்து எறியுங்கள். மீதியை வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்துக்கு மாற்றி, மேல்மண் வெளிறும் வரை தண்ணீர் காட்டாதீர்கள்.

அடுத்த முறை பழைய தொட்டிக் கலவையில் விதைக்க வேண்டாம். நாற்று விடும் சிறு குழிகள் கொண்ட குழித்தட்டைக் கழுவிக் காயவைத்து எடுங்கள். தண்ணீரை மேலே ஊற்றுவதை விட, தட்டின் அடியில் கொஞ்சம் நிறுத்தி, துளை வழியாகக் கலவையே உறிஞ்சவிடுவது நல்லது. மேற்பரப்பு ஈரமாகத் தெரிந்ததும் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். முளைக்கும் வரைதான் விதைக்கு இடைவிடாத ஈரம் தேவை. முளைத்த பிறகும் அதே கணக்கில் ஊற்றுவதால்தான் பெரும்பாலான நாற்றுகள் போகின்றன.

கேள்வி: மிளகாய் விதைத்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. தோண்டிப் பார்த்தால் விதை அப்படியே இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் தோண்டுவதை நிறுத்துங்கள்! வந்துகொண்டிருக்கும் வேர் அறுந்துவிடும். மிளகாய் இயல்பிலேயே நிதானமானது. 25 முதல் 30 டிகிரி வெப்பம் இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும், குளிர்ந்த இடம் என்றால் மூன்று வாரத்தையும் தாண்டும். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். மிளகாய்க்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் மூட வேண்டியதில்லை.

எல்லா விதைக்கும் இதே விதி பொருந்தாது. சாலட் கீரையான லெட்யூஸின் விதை பலவற்றுக்கு வெளிச்சம் பட வேண்டும், மேலே தூவி லேசாக அழுத்தினால் போதும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் அது முளைக்காமல் தூங்கிவிடும். பாகல் விதைக்குத் தோல் கெட்டி என்பதால் ஓர் இரவு ஊறவைத்துப் போடுங்கள்.

விதை பழையதோ என்று சந்தேகம் வந்தால் ஈரக் காகிதத்தில் பத்து விதையை மடித்து வைத்துப் பாருங்கள். ஐந்துதான் முளைத்தால் இரண்டு மடங்கு விதைக்க வேண்டும், அவ்வளவுதான். வெங்காய விதை ஒன்றிரண்டு வருடத்தில் வீரியம் இழந்துவிடும். தக்காளி, வெள்ளரி விதைகள் உலர்வாக, குளிர்ச்சியாக வைத்திருந்தால் நான்கைந்து வருடம் தாங்கும்.

கேள்வி: ஜன்னலோரம் வைத்த நாற்றுகள் நூல் மாதிரி நீண்டு ஒரு பக்கமாக வளைகின்றன. உரம் போடலாமா?

பதில்: வேண்டாம். வெளிச்சப் பசி உரத்தால் தீராது, இன்னும் வேகமாக நீளும். ஆனால் நேராகக் கொண்டுபோய் உச்சி வெயிலில் வைத்துவிடாதீர்கள், இலை வெளுத்துக் கருகும். முதல் நாள் ஒரு மணி நேரம் காலை வெயில், பிறகு தினமும் கொஞ்சம் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் முழு வெயிலுக்குப் பழக்குங்கள். நீண்டுபோனது தக்காளி என்றால் கவலையே இல்லை. மாற்றி நடும்போது வித்திலை (முளைத்ததும் முதலில் விரியும் இரண்டு இலை) வரை தண்டைப் புதைத்துவிடுங்கள், புதைந்த தண்டெல்லாம் வேர் விடும். மற்றச் செடிகளில் இந்த வித்தையை நம்ப வேண்டாம்.

கேள்வி: வடிகாலுக்காகத் தொட்டி அடியில் சரளைக்கல் பரப்பலாமா?

பதில்: பல காலமாகச் சொல்லப்படும் யோசனைதான், ஆனாலும் வேண்டாம். நுண்ணிய கலவையில் இருக்கும் நீர் பெரிய இடைவெளி உள்ள கல்லுக்குள் எளிதில் இறங்காது. கலவையின் அடிப்பகுதி சொதசொதவென்று ஆன பிறகுதான் வடியும். கல் போட்டால் அந்தச் சேற்றுப் பகுதி வேருக்குப் பக்கத்தில் உயர்ந்து வருகிறது, வேருக்கான இடமும் குறைகிறது. அடித்துளை அடைபடாமல் ஒரு துண்டு வலை போடுங்கள், போதும்.

கேள்வி: தேங்காய் நார்க்கழிவில் மட்டும் வளர்க்கிறேன். முளைத்தது, ஆனால் இரண்டு இலையோடு மஞ்சளாகி நின்றுவிட்டது.

பதில்: இங்கேதான் நிஜமாகவே உணவு வேண்டும். விதைக்குள் இருந்த சேமிப்பு முதல் இலைகள் வரும் வரைதான். நார்க்கழிவில் சத்து ஏறக்குறைய இல்லை. நன்றாக அலசாததாக இருந்தால் உப்பு வேறு இருக்கும். வித்திலைக்குப் பிறகு வரும் நிஜ இலைகள் வந்ததும் மண்புழு உரம் கலந்த கலவைக்கு மாற்றுங்கள். மண், நார்க்கழிவு, மட்கிய உரம் மூன்றும் சம பங்கு என்பது நான் சொல்லும் அளவு.

கேள்வி: கேரட் எல்லாம் கிளை கிளையாக, கோணலாக வருகிறது.

பதில்: நாற்று விட்டு மாற்றி நட்டிருப்பீர்கள். கேரட், முள்ளங்கியை நேரடியாகவே விதைக்க வேண்டும். கல், கட்டி இல்லாத கலவை 25 சென்டிமீட்டர் ஆழமாவது இருக்கட்டும்.

கேள்வி: தக்காளியில் பூ உதிர்கிறது. நின்ற காய்க்கும் அடிப்பக்கம் கறுத்துத் தட்டையாகிவிடுகிறது. முட்டை ஓடு போட்டும் கேட்கவில்லை.

பதில்: இவை இரண்டு தனிப் பிரச்சினைகள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினாலோ, இரவிலும் புழுக்கம் குறையாவிட்டாலோ மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். அதற்குத் தெளிப்பைத் தேட வேண்டாம். மதிய நிழல் கொடுத்துக் காத்திருங்கள். காற்று குறைந்த இடம் என்றால் காலையில் பூங்கொத்தை லேசாகத் தட்டிவிடுங்கள்.

அடி கறுப்பது காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால். பெரும்பாலும் அந்தச் சத்து கலவையில் இருக்கும், அதைக் கொண்டுபோகும் தண்ணீர்தான் ஒழுங்காக வராது. ஒருநாள் காய்ந்து, மறுநாள் வெள்ளம் என்றால் இப்படித்தான் ஆகும். முட்டை ஓடு மட்கவே மாதக்கணக்கில் ஆகும், இந்தக் காய்ப்புக்கு உதவாது. சின்னத் தொட்டி வெயிலில் அரை நாளில் காய்ந்துவிடும். ஒரு தக்காளிச் செடிக்கு 15 முதல் 20 லிட்டர் கொள்ளளவு கொடுங்கள், மேலே காய்ந்த இலையால் மூடாக்கு போடுங்கள். கறுத்த காயைக் கிள்ளிவிடலாம். செடிக்கு நோய் இல்லை.

கேள்வி: வெள்ளரியில் பூ நிறைய, பிஞ்சே இல்லை.

பதில்: முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். பூவுக்கு அடியில் குட்டிக் காய் தெரிந்தால் அது பெண் பூ. அது மலர்ந்த காலையிலேயே ஆண் பூவைப் பறித்து அதன்மேல் தடவுங்கள்.

கேள்வி: போன முறை விளைந்த பழத்திலிருந்து விதை எடுத்தேன். இந்த முறை காய் வேறு மாதிரி இருக்கிறதே!

பதில்: முதல் விதை வீரிய ஒட்டு ரகமாக, அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியதாக இருந்திருக்கும். அதன் அடுத்த தலைமுறை தாயைப் போல வராது. விதை சேமிக்க ஆசை என்றால் நாட்டு ரகத்தில் தொடங்குங்கள். தக்காளி விதையைச் சாற்றோடு இரண்டு மூன்று நாள் நொதிக்கவிட்டு, வழவழப்பு போனதும் கழுவி நிழலில் உலர்த்துங்கள். சுரை, பூசணி போன்றவை பக்கத்தில் உள்ள இன்னொரு ரகத்தோடு எளிதில் கலந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு தொட்டியில் ஐந்து கத்தரி நாற்று இருக்கிறது. பிடுங்க மனசு வரவில்லை, எல்லாவற்றையும் விட்டுவிடலாமா?

பதில்: விட்டால் ஐந்தும் நோஞ்சானாகவே நிற்கும். மூன்று நான்கு நிஜ இலைப் பருவத்தில் இருந்தால் நன்றாக நனைத்து, வேர்மண்ணோடு பிரித்துத் தனித்தனித் தொட்டியில் வையுங்கள். தொட்டி இல்லையா? திடமான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரிக்கோலால் மண் மட்டத்தில் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் வைத்துக்கொண்டதன் வேரும் கூடவே கிளம்பி வரும்.